தம்பிக்குக் கழுதைப் பட்டம்

அவளுக்கு வீட்டில் பெயர் போலீஸ். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு இருக்கிறது. அது வண்டி ஓட்டும் லைசென்ஸில் மட்டும் உயிரோடு இருக்கிறது, கேட்பார் யாரும் இல்லை.

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை. நடுவில் வண்டியைக் கழுவி, இருக்கைகளுக்கு அடியில் கிடக்கும் பென்சில் துண்டு, ஒற்றைச் சாக்ஸ், பாதி கடித்த ரொட்டி எல்லாவற்றையும் பொறுக்குவாள். டிரைவர் தலைக்கு மேலே ஒரு கண்ணாடி இருக்கிறதே, அதில் பின்னால் நடக்கிற அக்கிரமம் அத்தனையும் அவளுக்குத் தெரியும். திரும்பிப் பார்க்காமலே, "கடைசி வரிசை, அவ சடையை விடு" என்பாள். விட்டுவிடுவார்கள். ஆனால் போலீஸ் என்ற பெயர் வேனில் வந்ததல்ல. ஞாயிற்றுக்கிழமைச் சீட்டாட்டத்தில் வந்தது.

ஞாயிறு மாலை நான்கு மணி என்றால் அவள் வீட்டு முன்னறையில் ஆட்டம். வேனுக்குப் புது இருக்கை போட்டபோது கழற்றிய பழைய நீள இருக்கை சுவரோரம் பெஞ்சாகக் கிடக்கும். எதிரே மூன்று நாற்காலி, நடுவில் ஒரு மேஜை. அம்மா வருவாள். தம்பியும் அவன் மனைவியும் வருவார்கள், அம்மா இருப்பது அவர்கள் வீட்டில்தான். போலீஸின் வீட்டுக்காரர் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவர். ஞாயிறு மதியத்தோடு கடை முடிந்து வந்துவிடுவார். வாய் செத்த மனிதர், எந்த ஆட்டத்திலும் முதலில் மாட்டுகிறவரும் அவர்தான். இவர்களோடு தம்பியின் கூட்டாளி. தம்பி லிஃப்ட் மெக்கானிக். அந்த வேலையை ஒற்றை ஆளாகச் செய்ய முடியாது. அவனும் கூட்டாளியும் ஒன்றாகவே கட்டடம் கட்டடமாக ஏறி இறங்குவார்கள், ஒன்றாகவே ஞாயிறும் வருவார்கள்.

ஆடுவது கழுதை. தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சீட்டு முழுவதையும் எல்லோருக்கும் போட்டுவிட வேண்டியது. இஸ்பேட், ஆட்டின், டைமன், கிளாவர் என்று சீட்டில் நாலு ஜாதி; ஒருவர் கிளாவர் இறக்கினால் அடுத்தடுத்து எல்லோரும் கிளாவர்தான் இறக்க வேண்டும், இறக்கிவிட்டால் அந்தச் சீட்டெல்லாம் கழிந்தது. கையில் கிளாவர் இல்லாதவர் வேறு எதையாவது போட்டு வெட்டலாம். வெட்டு விழுந்தால் அந்தச் சுற்று அங்கேயே நின்றது. அதுவரை விழுந்ததில் பெரிய கிளாவர் யாருடையதோ அவர் தலையில் அத்தனை சீட்டும். அள்ளிக்கொண்டு அவரே மறுபடி இறக்க வேண்டும். கை காலியானவர் தப்பித்தார், கடைசியில் சீட்டோடு நிற்பவர் கழுதை.

மற்ற வீடுகளில் கழுதைப் பட்டம் சிரித்து முடிகிறபோது முடிந்துவிடும். இந்த வீட்டில் அதற்கு ஒரு வாரம் பதவிக்காலம். அடுத்த ஞாயிறு கழுதைதான் முதலில் வந்து உட்கார்ந்து சீட்டுக் கலைத்துப் போட வேண்டும். உடம்பு சரியில்லை, வேலை இருக்கிறது என்ற கதையெல்லாம் எடுபடாது. காய்ச்சலோடு கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து சீட்டுப் போட்டிருக்கிறார் வீட்டுக்காரர். இடைப்பட்ட வாரம் முழுக்க அந்த ஆளுக்குப் பெயரே கழுதைதான். ஒரு முறை அம்மா மருந்துக்கடைக்கே போன் போட்டு, "எங்க கழுதை இருந்தா கொஞ்சம் கூப்பிடுங்க" என்று கேட்டுவிட்டாள். முதலாளி ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு கடையில் இருக்கிற ஒவ்வொருவராகப் பார்த்திருக்கிறார். வீட்டுக்காரர் அசடு வழியப் போய் வாங்கிப் பேசினார்.

தம்பி பிறவிக் கள்ளாட்டக்காரன். கையில் கொத்தாகக் கிளாவரை வைத்துக்கொண்டே, ஒன்றுமில்லாத அப்பாவி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வெட்டுவான். வாய் வேறு ஓயாது. பாட்டு, கிண்டல், ஊர்க்கதை, அந்தச் சத்தத்தில் யாருக்கும் கணக்கு நிற்காது. அக்காவுக்கு மட்டும் நிற்கும். "போன வெட்டுல எடுத்தியே கிளாவர் ஏழு, அது எங்க?" என்பாள். உடனே ரகளை ஆரம்பமாகும். ஆளாளுக்குக் கத்துவது தாங்க முடியாமல் அம்மா ஒரு சட்டம் போட்டாள். கள்ளாட்டத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், ஆனால் அடி வாங்கியவர்தான் கேட்க வேண்டும். சீட்டை அள்ளியவர் வாயைத் திறக்கவில்லை என்றால் அது ஆட்டத்தில் சேர்ந்தது.

இன்னொரு வழக்கமும் இருந்தது. அதை யாரும் சட்டமாகப் போடவில்லை, தானாக வந்தது. வீட்டுக்கு வருகிற விருந்தாளியைத் தோற்கடிக்க மாட்டார்கள். புதிதாக வந்தவர் எதைப் போட்டாலும் மற்றவர்கள் பெரிய சீட்டைப் போட்டுத் தங்கள் தலையில் வாங்கிக்கொள்வார்கள். தம்பி மனைவி கல்யாணமாகி வந்த புதிதில் தொடர்ந்து ஜெயித்தாள். தனக்கு நல்ல கைராசி என்று பிறந்த வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு ஞாயிறு நாலு பேரும் சேர்ந்து அவளைப் புரட்டி எடுத்துக் கழுதை ஆக்கினார்கள். கண் கலங்கிவிட்டது அந்தப் பெண்ணுக்கு. "அழாதடி, இனிமே நீ எங்க ஆளு. போய் எல்லாருக்கும் டீ போட்டு எடுத்துட்டு வா" என்றாள் அம்மா. கூட்டாளிக்கும் அப்படித்தான் நடந்தது. அவன் கழுதையான அன்று எழுந்து நின்று எல்லோருக்கும் கும்பிடு போட்டான். பெற்றவர்கள் இல்லாதவன், வீட்டில் மனைவி ஒருத்திதான், அன்றைக்கு அவன் சிரித்த சிரிப்பு போலீஸுக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

அந்தக் கூட்டாளிதான் செத்துப்போனான்.

பழைய கட்டடம் ஒன்றில் வேலை. கூட்டாளி கீழ் மாடியில் லிஃப்ட் கூண்டுக்கு மேலே ஏறி நின்று கம்பிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். தம்பி உச்சியில் மோட்டார் அறையில். வேலை முடிந்ததும் மேலே இருப்பவன் இறங்கிப் போய், கீழே இருப்பவன் வெளியே வந்துவிட்டான் என்று கண்ணால் பார்த்த பிறகுதான் சுவிட்சைப் போட வேண்டும். அன்றைக்குத் தம்பிக்கு அவ்வளவு மாடிப்படி இறங்கி ஏற அலுப்பு. இந்நேரம் வந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டு போட்டுவிட்டான். கூட்டாளி அப்போதும் கூண்டின் மேலேதான் நின்றிருந்தான். விசாரிக்க வந்தவர்கள் பழைய மெஷின், பிரேக் கோளாறு என்று முடித்துக்கொண்டு போனார்கள். பிரேக்கிலும் கோளாறு இருந்தது, அது பொய்யில்லை.

அடக்கம் முடிந்து திரும்பும்போது தம்பி அக்காவின் வேனில் முன்னால் உட்கார்ந்து வந்தான். வழியில் ஓர் இடத்தில் சொன்னான்.

"அக்கா, நான் கீழ போய்ப் பார்க்கல."

அவள் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அதெல்லாம் ஒண்ணுமில்ல. மெஷின் பழுது. உன் தப்பு இல்ல. விடு" என்றாள். அவன் விட்டுவிட்டான். அதற்குப் பிறகு எதைப் பற்றியுமே பேசவில்லை.

வேலைக்குப் போகவில்லை. லிஃப்ட் உள்ள கட்டடப் பக்கமே தலை வைத்துப் படுக்கவில்லை. சோறு போட்டால் சாப்பிட்டான், போடாவிட்டால் கேட்கவில்லை. டாக்டர் மாத்திரை கொடுத்தார், ஆளைத் தனியாக விடாதீர்கள், பழகிய காரியங்களைச் செய்ய வையுங்கள் என்றார். பழகிய காரியம் என்றால் ஞாயிற்றுக்கிழமை. ஆகவே ஆட்டம் நிற்கவில்லை. ஆனால் ஆட்டத்துக்கு முன்னால் சமையலறையில் கூடி அவர்கள் குசுகுசுவென்று ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். தம்பி தோற்கக் கூடாது. கழுதை என்ற சொல்லே அந்த வீட்டில் காதில் விழக் கூடாது. யோசனை போலீஸுடையதுதான். எல்லாவற்றிலும் முந்திரிக்கொட்டை மாதிரி முன்னால் நிற்கிறவள் அவள், இதிலும் நின்றாள்.

தம்பி ஜெயிக்க ஆரம்பித்தான். வாராவாரம் ஜெயித்தான். அவன் கை காலியானதும் அம்மா கை தட்டுவாள். "பார்த்தியா, என் புள்ளைய யாராச்சும் அடிச்சுக்க முடியுமா!" என்பாள். வீட்டுக்காரர் தோற்றுப்போன முகத்தை வரவழைத்துக்கொள்வார், அது அவருக்குப் பழக்கம்தான். தம்பி இரண்டு கையையும் மேஜைமேல் வைத்துக்கொண்டு, சீட்டு கலைப்பதைப் பார்த்தபடி இருப்பான். பாட்டு இல்லை, ரகளை இல்லை. ஆறு மணிக்குள் ஆட்டம் முடிந்துவிடும். முன்பெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவரைத் தட்டினால்தான் முடியும்.

இப்படியே ஓட்டிவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஒரு நாள் வீட்டுக்காரர் கையில் தம்பியின் வாட்ச்சைப் பார்த்தாள்.

"குடுத்தான். வேணாம்னு சொன்னேன், கேக்கல" என்றார் அவர்.

அடுத்து, தம்பி தன் டூல்ஸ் பெட்டியை வேறு கம்பெனி மெக்கானிக் ஒருவனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டான் என்று அவன் மனைவி போனில் சொன்னாள். பரவாயில்லை, வேறு வேலை தேடுவான்போல என்று அந்தப் பெண் தேற்றிக்கொண்டிருந்தாள். போலீஸுக்கு ஒன்றும் பிடிபடாத மாதிரி இருந்தது. எல்லாம் பிடிபட்ட மாதிரியும் இருந்தது. பிறகு ஒரு மாலை, பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் அவனை ஏற்றிக்கொண்டு வந்தபோது, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே அவன் கேட்டான்.

"அக்கா, அம்மாவை உன் வீட்டுல வச்சுக்க முடியுமா?"

"ஏன், உன் வீட்டுல என்ன?"

"சும்மாதான். உன்கிட்ட இருந்தா நல்லா பார்த்துப்ப."

வண்டியை ஓரங்கட்டினாள். "ஏண்டா, செத்துப் போகலாம்னு நினைக்கிறியா?" என்று வாய்விட்டே கேட்டாள். அவன் அதிர்ச்சி அடையவில்லை. அதுதான் அவளைக் கொன்றது.

"ஒண்ணுமில்லக்கா."

"ஞாயித்துக்கிழமை வருவ இல்ல?"

"பார்க்கலாம்."

அந்தக் குடும்பத்தில் ஞாயிற்றுக்கிழமைக்கு யாரும் பார்க்கலாம் என்று சொன்னதில்லை. அன்றே அவனை இழுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினாள். மாத்திரையை மாற்றினார், எந்நேரமும் கூட ஆள் இருக்கட்டும் என்றார். இருந்தார்கள். அவன் மனைவி விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டோடு கிடந்தாள். அம்மா அவன் அறை வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். மூன்று பெண்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்கள். ஆனால் எத்தனை நாளைக்குப் பார்ப்பது? போலீஸ் வேன் ஓட்டும்போதும் பாத்திரம் துலக்கும்போதும் அதையே நினைத்தாள். அவன் உடம்பைக் காவல் காக்கலாம். அவனுக்கு இருக்க வேண்டும் என்று தோன்ற வேண்டுமே, அதை யார் கொடுப்பது?

கடைசியில் அவளுக்குத் தோன்றியதைக் கேட்டால் சிரிப்பீர்கள். கழுதை ஆனவன் அடுத்த ஞாயிறு வந்தே ஆக வேண்டும். அவனைக் கழுதை ஆக்கிவிட்டால் ஒரு வாரம் கைக்கு வந்துவிடும். ஒரு வாரம் கிடைத்தால் இன்னொரு வாரத்தைப் பிறகு யோசித்துக்கொள்ளலாம். ஐம்பதைத் தொடப்போகும் பெண்மணி, ஒரு வண்டிப் பிள்ளைகளைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறவள், சீட்டாட்டத்தை நம்பித் தம்பி உயிரைப் பிடித்து வைக்கப் பார்த்தாள். பைத்தியக்காரத்தனம்தான். வேறு எதுவும் அவள் கையில் இல்லை.

அந்த ஞாயிறு தம்பி வந்தான், மனைவி கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். போலீஸ் மற்றவர்களைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போய்ச் சொன்னாள். "இன்னிக்கு அவனைத் தோக்கடிக்கணும்."

"உனக்கென்ன கிறுக்கா?" என்றாள் அம்மா.

"அண்ணி, டாக்டர் என்ன சொன்னாரு? மனசு நோகாம பார்த்துக்கச் சொன்னாருல்ல" என்றாள் தம்பி மனைவி. தூக்கமில்லாமல் அவள் கண்கள் உள்ளே போயிருந்தன.

வீட்டுக்காரர், "இப்ப வேணாம்மா. கொஞ்சம் தேறட்டும்" என்றார்.

ஒருவரும் சேரவில்லை. சரி, நான் ஒருத்தியே பார்த்துக்கொள்கிறேன் என்று அவள் வெளியே வந்தாள். எப்போதும் தம்பிக்கு எதிரே உட்காருகிறவள், அன்று அவனுக்கு அடுத்த கையாகப் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அவன் இறக்கியதும் இறக்க வேண்டியது அவள்தான். அவள் வெட்டிவிட்டால் மற்றவர்களுக்கு முறையே வராது, ஆகவே காப்பாற்றவும் முடியாது.

முதல் சுற்று இஸ்பேட், எல்லோரும் போட்டு ஒழுங்காகக் கழிந்தது. அம்மா டைமன் மூன்றை இறக்கினாள். தம்பி டைமன் ஒன்பது போட்டான். போலீஸ் கையில் டைமன் ராணியும் இன்னும் இரண்டும் இருந்தன. அவள் இஸ்பேட் ஒன்றை எடுத்து வெட்டினாள். வாழ்நாளில் அவள் ஆடிய முதல் கள்ளாட்டம் அதுதான். தம்பி மூன்று சீட்டையும் எடுத்துக் கையில் செருகிக்கொண்டான்.

அவன் கிளாவர் ஆறு இறக்கினான். அவள் டைமன் ராணியைப் போட்டு வெட்டினாள்.

வீட்டுக்காரர் கண் வெளியே வந்து விழுந்துவிடும்போல் ஆயிற்று. இப்போதுதான் டைமன் இல்லை என்று வெட்டியவள், டைமனையே போட்டு வெட்டுகிறாள்! வேன் பிள்ளைகள்கூட இவ்வளவு பச்சையாக ஏமாற்ற மாட்டார்கள். "அடியே" என்று ஆரம்பித்த அம்மா, தான் போட்ட சட்டம் நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொண்டாள். தம்பி கேட்கவில்லை. எடுத்துக்கொண்டான்.

அவன் ஆட்டின் இறக்கினான், அவள் கிளாவரால் வெட்டினாள். அவன் கிளாவர் இறக்கினான், அவள் ஆட்டின் போட்டு வெட்டினாள். மற்ற மூன்று பேரும் கையில் சீட்டை விசிறி மாதிரி வைத்துக்கொண்டு பொம்மையாக உட்கார்ந்திருந்தார்கள். கேளுடா, கேளுடா என்று அவள் உள்ளுக்குள் மன்றாடினாள். என்னைத் திட்டுடா, சீட்டைப் பிடுங்கி வீசுடா. ஒவ்வொரு வெட்டுக்கும் அவன் முகத்தைப் பார்த்தாள். மாத்திரை போட்டுக்கொள்கிற மாதிரி அவன் சீட்டை எடுத்துக்கொண்டே இருந்தான். அவள் கையிலிருந்த கடைசிச் சீட்டும் அவன் கைக்குப் போயிற்று. கொத்துப் பெரிதாகி இரண்டு கைக்கும் அடங்காமல் ஒன்றிரண்டு மடியில் விழுந்தன.

அவன் அத்தனையையும் மேஜைமேல் கவிழ்த்து வைத்தான். "நான்தான் கழுதை. முடிஞ்சுதுல்ல? கிளம்பலாமா?" என்று மனைவியைப் பார்த்தான்.

அப்போதுதான் போலீஸுக்கு உண்மையில் பயம் வந்தது. பட்டமும் அவனைத் தொடவில்லை. அடுத்த ஞாயிற்றைப் பற்றி அவன் நினைக்கவே இல்லை. எழுந்தவன் மணிக்கட்டைத் தாவிப் பிடித்தாள்.

"உக்காருடா. நான் கள்ளாட்டம் ஆடினேன். பார்த்தியா, இல்லையா?"

"பார்த்தேன்."

"எப்ப பார்த்த?"

"முதல் வெட்டுலயே. டைமன் ராணியை ஓரத்துல ஒதுக்கினியே, அப்பவே."

"அப்ப ஏன் கேக்கல?"

"எதுக்குக் கேக்கணும்?" அவன் குரல் கொஞ்சம் உயர்ந்தது. "நீங்க எல்லாரும் இத்தனை வாரமா எனக்காகக் கள்ளாட்டம் ஆடுறீங்களே, அதை நான் கேட்டேனா? மாமா கையில ரெண்டை வச்சுக்கிட்டு ராஜாவைப் போடுறாரு. அம்மா வெட்ட வேண்டிய இடத்துல வெட்டாம முழிக்குது. நான் மரக்கட்டைன்னு நினைச்சீங்களா?"

அம்மா கையிலிருந்த சீட்டை மேஜைமேல் வைத்தாள்.

"இந்த வீட்டுல யாரை ஜெயிக்க விடுவோம்? சொல்லு. விருந்தாளியைத்தான். சாயங்காலம் எழுந்து போறவனைத்தான். அவன் இருந்த வரைக்கும் நம்ம ஆளா இருந்தேன். அவன் போனதும் என்னை விருந்தாளி ஆக்கிட்டீங்க. கை தட்டி வழியனுப்புறீங்க. அப்புறம் நான் எதுக்கு உக்காந்திருக்கணும்?"

"டேய், அப்படி இல்லடா," என்றாள் அம்மா அழுகையோடு.

அவன் அம்மாவைப் பார்க்கவில்லை. அக்காவைத்தான் பார்த்தான். "உன்கிட்டதானே முதல்ல வந்து சொன்னேன். நான் போய்ப் பார்க்கலன்னு. நீ என்ன சொன்ன? உன் தப்பு இல்ல, விடுன்ன. நீயா அப்படிச் சொன்ன? ஒரு ஏழு காணோம்னா என்னை உயிரை எடுப்பியே. அதுக்கு மேல நான் யார்கிட்ட போய்ச் சொல்றது?"

இப்போதும் விடு என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. தம்பி மனைவி வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சுவதும் தெரிந்தது. ஒரு சொல் தப்பினால் ஆள் போய்விடுவான். சொல்லாமல் விட்டாலும் போய்விடுவான். எது சரி என்று அவளுக்குச் சத்தியமாகத் தெரியவில்லை.

"பொய் சொன்னேன்," என்றாள். "பிரேக் கோளாறு பாதி. நீ கீழ போய்ப் பார்த்திருந்தா அவன் இன்னிக்கு இங்க உக்காந்திருப்பான். உன் தப்பு இருக்கு."

அம்மா அவள் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். "பாவி, பாவி" என்று மறுபடி அடித்தாள். அவள் தம்பி மணிக்கட்டை விடவில்லை.

"இருக்குடா. ஆனா அதுக்காக நீயும் போயிடலாம்னு பார்க்கிற பாரு, அது மட்டும் நடக்காது. தப்பு பண்ணவன் இருக்கணும். இருந்து பதில் சொல்லணும். அடுத்த ஞாயிறு வந்து சீட்டுப் போடு."

தம்பியின் முகம் சிவந்து கோணிக்கொண்டது. கையை உதறினான். கவிழ்த்து வைத்த சீட்டையெல்லாம் வாரி அவள் முகத்தில் அடித்தான். "நீயெல்லாம் ஒரு அக்காவா! இனிமே இந்த வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று கத்திவிட்டு, செருப்புகூடப் போடாமல் இறங்கிப் போனான். அவன் மனைவி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள். வாசலில் ஒரு கணம் நின்று, "அவருக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா உங்களை நான் சும்மா விட மாட்டேன், அண்ணி" என்றாள்.

அந்த வாரம் எப்படிப் போயிற்று என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. செவ்வாயோ புதனோ, வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவளைப் பின்னாலிருந்து ஒரு பிள்ளை, "ஆன்ட்டி, எங்க வீடு போயிடுச்சு" என்று கூப்பிட்டது. மூன்று தெரு தாண்டி வந்துவிட்டிருந்தாள். வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. தட்டில் சோற்றைப் போட்டு அவள் முன்னால் வைத்துவிட்டு, சாப்பிடும்வரை எதிரே உட்கார்ந்திருந்தார்.

தம்பி போனை எடுக்கவில்லை. அவன் மனைவி எடுப்பாள். "இருக்காரு" என்பாள், வைத்துவிடுவாள். அந்த ஒரு வார்த்தைக்காகக் காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, படுக்கப் போகும்முன் ஒரு தடவை போலீஸ் போன் போட்டாள். ஒரு நாள் அந்தப் பெண் கூடக் கொஞ்சம் பேசினாள்.

"கத்துறாரு."

"யாரை?"

"உங்களைத்தான். காலையில இருந்து ஒரே திட்டு."

"என்னன்னு திட்டுறான்?"

"வாயில சொல்ற மாதிரி இல்ல, அண்ணி."

போலீஸ் போனை வைத்துவிட்டு வேன் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது.

அடுத்த நாள் மாலை போன் அடித்தது. அவர்களாகவே கூப்பிட்டிருந்தார்கள். "அவரைக் காணோம். குளிக்கப் போனேன், வந்து பார்த்தா இல்ல. அத்தை நாற்காலியில கண் அசந்துட்டாங்க" என்று அலறினாள் தம்பி மனைவி. போலீஸ் கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்ட கையோடு வண்டியைத் திருப்பினாள். அவன் டீ குடிக்கும் கடை, பழைய கம்பெனி வாசல், அந்தக் கட்டடம், ஆற்றுப்பாலம். பாலத்தில் நிறுத்திவிட்டு இறங்கி, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தாள். தண்ணீர்தான் இருந்தது. அவனைக் கொன்றது நான்தான் என்று அவள் அப்போது முடிவே செய்துவிட்டாள். நியாயம் பேசினாயே, கணக்குக் கேட்டாயே, போலீஸ்காரி என்று தன்னைத் தானே வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டாள். இருட்டுகிற நேரத்தில் போன் வந்தது. "வந்துட்டாரு. எங்க போனீங்கன்னு கேட்டா பதில் இல்ல. படுத்துட்டாரு." அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.

ஞாயிறு வந்தது. மேஜையைத் துடைத்தாள். துடைத்ததையே மறுபடி துடைத்தாள். நான்கு மணி ஆகி, நாலரை ஆயிற்று. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டு ஓடினாள். அம்மாவும் தம்பி மனைவியும்தான்.

"அவன் எங்க?"

"பின்னாலதான் வர்றாரு. வண்டி வேணாம், நடந்தே போலாம்னாரு" என்று சொல்லிக்கொண்டே தம்பி மனைவி திரும்பிப் பார்த்தாள். தெருவில் யாரும் இல்லை. "தெருமுனை வரைக்கும் கூடவேதான் வந்தாரு அண்ணி..." என்றாள், குரல் உடைந்துபோயிற்று.

போலீஸ் வெறுங்காலோடு ஓடினாள். தன் வயதையும் உடம்பையும் மறந்து, வழியில் நின்றவர்கள் வேடிக்கை பார்க்க ஓடினாள். தெருமுனையில், மூடிக்கிடந்த கடையின் சுவரில் சாய்ந்தபடி தம்பி நின்றிருந்தான். அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கிட்டப் போகப் பயந்து அவள் நாலடி தள்ளியே நின்றாள். மூச்சு இரைத்தது.

"போனேன்," என்றான்.

"எங்க?"

"அன்னிக்குச் சாயங்காலம், அவன் வீட்டுக்கு. அவன் பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டேன். நான் போய்ப் பார்க்கலன்னு."

"என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. பார்த்துக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் கதவைச் சாத்திட்டாங்க."

அவன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். தேற்றுவதற்கு அவளிடம் ஒரு சொல்லும் இல்லை. இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள். ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு அவர்களுக்கு நடுவில் போயிற்று.

"நாளைக்கு மறுபடி போகணும்," என்றான்.

நாளைக்கு என்று அவன் வாயால் கேட்டு எத்தனை காலமாயிற்று! தெரு என்றும் பாராமல், பிளாட்பாரத்தில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"எந்திரி," என்றான். "வந்து எனக்கு எதிர்ல உக்காரு. உன்னை இன்னிக்கு விடப் போறதில்ல."

சொல்லிவிட்டு அவள் வீட்டைப் பார்த்து நடந்தான்.